ஊரும் ஒரு நோயாளி

ஒருவர் நோயுற்றால் மருத்துவரை நாடுகிறார். மருத்துவர் நோயை ஆராய்ந்து மருந்து தருகிறார். நோய் தீர்ந்ததும் நன்றியும் புகழும் அவரைச் சேர்கின்றன. ஆனால், ஓர் ஊரே நோயுற்றால் அதன் நாடியைப் பிடித்துப் பார்ப்பவர் யார்? நோய் வருமுன்பே அதன் வழியை அடைப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையாக எழுந்ததே பொதுச் சுகாதாரக் கல்வி.

வருமுன் காக்கும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும், அதிலுள்ள பத்துக் குறள்களுள் ஆறு உணவின் அளவையும் முறையையுமே பேசுகின்றன. நோயுற்றபின் செய்ய வேண்டுவன யாவை என்பது இறுதியிலேயே வருகிறது. ஒருவருடைய உடம்புக்கு அவர் கூறிய நெறியை ஓர் ஊருக்கும் நாட்டுக்கும் விரித்துக் காண்பதே இக்கல்வியின் நோக்கம்.

இத்துறையில் உயர்கல்வி அளிப்பதற்கென்றே 1932-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அனைத்திந்தியச் சுகாதாரவியல் பொதுச் சுகாதார நிறுவனம் தோன்றியது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்ட வகுப்பைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் இப்பட்டத்திற்கு மாணவரைப் பயிற்றுகிறது. முன்னர் மருத்துவர்க்கே உரியதாக இருந்த இக்கல்வியில் இன்று பல இடங்களில் செவிலியரும் பிற துறைப் பட்டதாரிகளும் சேர்கின்றனர். புள்ளியியல், நோய்ப்பரவியல், சுற்றுச்சூழல், உணவு, சட்டம், நிருவாகம் எனப் பல பாடங்களை அவர்கள் கற்கின்றனர். மருந்துப் பெட்டியினும் கணக்கேடும் வரைபடமுமே அவர்கள் கையில் மிகுதியாக இருக்கும்.

அவ்வரைபடத்தின் பெருமையை உணர்த்தும் வரலாறு ஒன்றை அம்மாணவர் அனைவரும் கற்பர். 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் காலரா நோய் கடுமையாகப் பரவியது. பத்து நாளைக்குள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அறிஞர் பலர் நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் அதனை ஏற்கவில்லை. அவர் வீடுவீடாகச் சென்று வினவினார். இறந்தோர் வாழ்ந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார். அக்குறிகள் ஒரு தெருக்குழாயைச் சூழ்ந்து நெருங்கி நின்றன. அருகிலேயே நூற்றுக்கணக்கான ஏழைகள் தங்கியிருந்த விடுதியில் மட்டும் இறந்தோர் மிகச் சிலரே. அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது! அவர் வேண்டியபடி தெருக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. மெய்யை மிகைப்படுத்தாமை அத்துறையின் முதல் ஒழுக்கமன்றோ?

இத்தகைய பாடங்களுக்கு இலண்டன் வரை செல்ல வேண்டுவதில்லை. கொங்கு நாட்டிலிருந்து இக்கல்வியை நாடிச் செல்லும் மாணவர்க்குக் கோயம்புத்தூரே ஒரு பாடநூல். 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரையும் அலைக்கழித்தது. வீட்டில் எலி செத்து விழுந்தால் மக்கள் அஞ்சி வெளியேறினர். மருந்து காணாத அக்காலத்தில் அன்னையைச் சரணடைந்தனர். நகரில் இன்றும் நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அத்துயரத்தின் சான்றுகளாகும்.

1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கோயம்புத்தூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 53,000. வளர்ந்துவந்த நகரில் 1911-ஆம் ஆண்டில் அது 47,000 அளவுக்குக் குறைந்தது. குறைந்தோர் அனைவரும் மாண்டனரா? அல்லர், நோய்க்கு அஞ்சி ஊரைவிட்டு அகன்றோரும் அவருள் உண்டு. மாண்டோர் எத்துணையர், அகன்றோர் எத்துணையர் என்று பிரித்தறிய முயல்வதே பொதுச் சுகாதார மாணவர் கற்கும் கலை. எண் பேசும், ஆனால், அதனிடம் முறையாக வினவத் தெரிந்திருக்க வேண்டும்.

பிளேக் எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியால் பரவுவது. ஆதலின், காற்றோட்டமுள்ள வீடும், தானியத்தை எலி அண்டாமல் காத்தலும் அதற்குத் தடைகள். காலராவோ நீரால் பரவுவது. அதற்குத் தூய குடிநீரே அரண். சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொணர வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நரசிம்மலு நாயுடு வலியுறுத்தினார். பல்லாண்டு முயற்சிக்குப் பின், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மலையைக் குடைந்து அந்நீர் நகருக்குக் கொணரப்பட்டது. அதற்காக உழைத்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரை ஆர்.எஸ். புரம் இன்றும் தாங்கி நிற்கிறது. சிறுவாணி நீரைச் சுவைத்துப் புகழ்வோர் பலர். அந்நீர் தடுத்த நோய்களை எண்ணிப் பார்ப்போர் சிலர்.

பழைய நோய்கள் அகன்றபோது தொழில்கள் வளர்ந்தன. அவற்றோடு புதிய நோய்களும் வந்தன. 1888-ஆம் ஆண்டில் கோவையில் முதல் பஞ்சாலை தோன்றியது. பின்னர் ஆலைகள் பெருகி ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டன. ஆனால், பஞ்சுத் தூசியை நெடுநாள் சுவாசித்தவர்க்கு நெஞ்சு இறுகி மூச்சுத் திணறும் நோய் வருவதுண்டு. அதன் தொடக்கத்தில் ஒரு வியப்பு உண்டு. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளிலேயே இறுக்கம் மிகும். இருமும் தொழிலாளியிடம், "என்ன செய்கிறது?" என்று கேட்பது வழக்கம். பொதுச் சுகாதாரம் கற்றவரோ, "எந்த நாளில் மிகுதியாகச் செய்கிறது? நீர் ஆலையில் எப்பகுதியில் வேலை செய்கிறீர்?" என்றும் கேட்பார். அவ்விடை ஒருவருக்கு மருந்து தருவதோடு அமையாது. தூசியை அகற்றும் கருவியை ஆலைக்குள் கொணரவும் வழி காட்டும்.

நொய்யல் ஆற்றின் கதை இன்னும் கடினமானது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் உலகெங்கும் புகழ்பெற்றது. ஆனால், சாயக் கழிவு ஆற்றில் கலந்தது. உழவர்க்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கிற்று, கிணறுகளும் கெட்டன. நீரின்றி வாடும் நிலத்தார், வந்த நீரையே வேண்டா என்று வழக்குத் தொடுத்தனர். கழிவை முற்றும் தூய்மை செய்யாத சாயப் பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறை மூடினால் தொழிலாளியின் அடுப்பு அணையும். மூடாவிடில் உழவரின் கிணறு கெடும். இரு பக்கத்தாரும் மக்களே. இருவர் துன்பத்தையும் அளந்து, இருவரும் வாழ வழி காணும் பொறுப்பு இக்கல்வியைக் கற்றவர்க்கு உண்டு. அதற்கு அறிவு மட்டும் போதாது. அஞ்சாமையும் அருளும் வேண்டும்.

மாணவர்களே! பொதுச் சுகாதாரம் கற்றவர் காத்த உயிர்களை எவரும் சுட்டிக்காட்ட இயலாது. வராத காலராவுக்கு மாலை சூட்டுவோர் இல்லை. பிழைத்த குழந்தைக்கும் தான் பிழைத்தது தெரியாது. இவ்வாறு புகழ் கருதாது உழைப்போரால்தான் நாடு நலம் பெறுகிறது. குழாயைத் திறந்து தூய நீரைப் பருகும்போது, அந்நீருக்குப் பின்னே நின்று கணக்கெடுத்தவரையும், வினவியவரையும், போராடியவரையும் ஒரு கணம் நினையுங்கள். அவர்களது வரிசையில் நாளை நிற்கப்போகிறவர் உங்களுள்ளும் ஒருவர் இருக்கக்கூடும்.