அக்கா பெயருக்கு எதிரே ஒரு கோடு

நான் பி.காம். படித்தவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே நான் செய்யப்போகும் அசட்டுத்தனத்துக்கு இது ஒரு முன்ஜாமீன், அவ்வளவுதான்.

2023-ல் ஒருநாள் அக்கா மகள் திருச்சியிலிருந்து போன் பண்ணினாள்.

"மாமா, கோயமுத்தூர்ல எம்.எஸ்ஸி. சீட் கிடைச்சிருச்சு!"

"சூப்பர். என்ன சப்ஜெக்ட்?"

"குடும்ப வள மேலாண்மை. ஃபேமிலி எகனாமிக்ஸ், கன்ஸ்யூமர் எகனாமிக்ஸ் எல்லாம் வரும்."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் நினைத்ததையேதான் சொன்னேன். "குடும்பம் நடத்த எதுக்கும்மா எம்.எஸ்ஸி.? பேசாம எம்.பி.ஏ. சேரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தாத்தாவும் அம்மாகிட்ட இதையேதான் சொன்னாராம் மாமா" என்றாள்.

சுருக்கென்றது. உண்மைதான். 1991-ல் அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு, மனையியல் படிக்க விண்ணப்பம் வாங்கி வந்தாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சோறு வடிக்கிறதுக்கு காலேஜா? அதை உங்கம்மா சொல்லித் தருவா." பூர்த்தி செய்த அந்த விண்ணப்பம் ரொம்ப வருஷம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. எனக்கு மட்டும் காலேஜில் கேள்வி கேட்காமல் பணம் கட்டினார்கள்.

மருமகள் யார் பேச்சையும் கேட்காமல் கோவைக்குப் போய்ச் சேர்ந்தாள். கோவைக்கும் இந்தப் படிப்புக்கும் பழைய சொந்தம். சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த டி.எஸ்.அவினாசிலிங்கம் 1957-ல் பெண்களுக்காக அங்கே மனையியல் கல்லூரி தொடங்கினார். அமெரிக்காவில் ஓஹியோ வரை போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்த ராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்தார். நான் என்னமோ அங்கே கேக் செய்யவும் கோலம் போடவும் சொல்லித் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பாடப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. கடன் வாங்கினால் வட்டி எப்படி வளரும், வருமானம் ஏற ஏற சாப்பாட்டுச் செலவின் பங்கு ஏன் குறையும், ஏமாந்த நுகர்வோர் எந்தச் சட்டப்படி எங்கே போகலாம், சமையல் மேடை எவ்வளவு உயரம் இருந்தால் இடுப்பு வலிக்காது... எல்லாமே பொருளாதாரம்தான். ஒரே வித்தியாசம், என் பி.காம். பாடம் கம்பெனி வாசலில் ஆரம்பிக்கும். இவள் பாடம் வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறது. இத்தனைக்கும் 'எகனாமிக்ஸ்' என்ற வார்த்தையே கிரேக்க மொழியில் 'வீட்டு நிர்வாகம்' என்ற பொருளில் பிறந்ததுதான். வீட்டில் பிறந்த பிள்ளை பெரிய ஆளானதும் வீட்டையே மறந்துவிட்டது.

பி.காம். முதல் வருஷத்தில் எங்கள் சார் ஒரு ஜோக் சொல்வார். பிகு என்ற பொருளாதார மேதை 1920-ல் எழுதியது. ஒருவர் தன் வீட்டுச் சமையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். ஏன்? அதே சமையல், அதே ஆள். ஆனால் சம்பளம் நின்றுவிட்டதே! வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அது ஜோக் இல்லை, எங்கள் வீட்டுக் கதை என்று புரிய இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 2019 ஆரம்பத்தில் பக்கவாதம் வந்தது. நான்கு வருஷம் படுக்கை. அண்ணன் பெங்களூரில், நான் சென்னையில். அக்கா தன் குடும்பத்தோடு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அவள்தான். கொரோனா சமயத்தில் ஆள் வைக்கலாம் என்றாலும் ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் பணம் அனுப்பினோம். தவறாமல் அனுப்பினோம்.

அப்பா போனபிறகு, 2024-ல் வீட்டை விற்பதென்று முடிவானது. சொத்தில் மூவருக்கும் சம பங்கு. அதில் தகராறு இல்லை. ஆனால் அண்ணன் சொன்னார், "அப்பாவுக்கு அவங்கவங்க செஞ்ச செலவை முதல்ல எடுத்துக்கிட்டு, மீதியை மூணாப் பிரிச்சுக்கலாம். நீதான் காமர்ஸ் ஆச்சே, கணக்கைப் போடு."

போட்டேன். பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்து, கட்டம் கட்டி, அழகாக பிரின்ட் போட்டேன். அண்ணன்: 4,20,000. நான்: 3,10,000. அக்கா பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கோடு.

ஆயுத பூஜை லீவுக்கு எல்லோரும் திருச்சியில் கூடியிருந்தோம். மருமகள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"மாமா, இந்தக் கோடு என்ன?"

"அது... நில் பாலன்ஸ்மா. அம்மா பணம் எதுவும் போடலையே."

அவள் கோபப்படவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்தாள்.

"எங்களுக்கு இதுல ரெண்டு வழி சொல்லித் தந்திருக்காங்க. ஒண்ணு, அம்மா இதுக்காக எதை விட்டாங்கன்னு பார்க்கறது. அம்மா பன்னெண்டு பசங்களுக்கு டியூஷன் எடுத்தாங்க. மாசம் தலைக்கு 300 ரூபா. தாத்தாவுக்காக நிறுத்தினாங்க. நாற்பத்தெட்டு மாசத்துக்கு 1,72,800."

"சரி."

"இன்னொண்ணு, அம்மா செஞ்சதுக்கு ஆள் வெச்சிருந்தா என்ன ஆகும்னு பார்க்கறது. இங்கே பகல் ஷிஃப்டுக்கு ஒரு ஆளுக்கு 600 ரூபா. மாசம் 18,000. நாற்பத்தெட்டு மாசத்துக்கு 8,64,000. ராத்திரியை நான் சேர்க்கலை."

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்டது 7,30,000. பகல் கணக்கு மட்டுமே அதைத் தாண்டிவிட்டது.

"ஒரே வேலைக்கு ரெண்டு தொகை வருதே, எது சரி?" என்றேன். என்ன இருந்தாலும் பி.காம். ஆச்சே!

"அதுலதான் விஷயமே இருக்கு மாமா. முதல் வழியில பார்த்தா, குறைச்சலா சம்பாதிக்கிற பொம்பளையோட தியாகம் மலிவாத் தெரியும். ஆனா தாத்தாவைப் புரட்டிப் போடற கைக்கு, அது டாக்டர் கையா, டியூஷன் டீச்சர் கையான்னு வித்தியாசம் கிடையாதே?"

எனக்குப் பேச வாய் வரவில்லை.

மார்கரெட் ரீட் என்ற பொருளாதாரப் பேராசிரியை 1934-லேயே, வீட்டு உற்பத்தி பற்றிய தன் புத்தகத்தில் இதற்கு ஒரு சோதனை சொன்னாராம். வீட்டில் ஒருவர் செய்வதை, கூலி கொடுத்து வேறொருவரிடம் ஒப்படைக்க முடியுமா? முடியும் என்றால் அது வேலை. அவ்வளவு எளிது. குடும்பத்துக்குள் நேரம் எப்படிச் செலவாகிறது என்பதையெல்லாம் ஆராய்ந்த கேரி பெக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1992-ல்.

"அப்போ தாத்தா பக்கத்துல உட்கார்ந்து அம்மா பழைய கதை கேட்டுட்டு இருப்பாளே, அது?" என்றேன்.

"அதை நான் கணக்குல சேர்க்கலை மாமா. அதுக்கு ஆள் வைக்க முடியாது."

அதுவரை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா உள்ளே வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் சிவந்திருந்தது.

"எங்கப்பாவை நான் பார்த்துக்கிட்டதுக்குக் கூலி போடறீங்களா? கிழிச்சுப் போடு அதை!"

மருமகள் பேனாவை மூடினாள். "கூலி கொடுக்கச் சொல்லலைம்மா. கோடு போடாதீங்கன்னுதான் சொல்றேன்."

அதற்கப்புறம் யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை. அண்ணன்தான் தாளை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்தார். "செலவுக் கணக்கே வேண்டாம்டா. நேரா மூணாப் பிரிச்சிடு" என்றார். அக்காவுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

இது எங்கள் ஒரு வீட்டு விவகாரம் இல்லை. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அடடே, பரவாயில்லையே என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதீர்கள். அது வீட்டு வேலை 'செய்கிற' ஆண்களின் சராசரி. டி.வி. ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் அந்த சராசரியிலேயே இல்லை.

நீதிமன்றங்கள் நம்மைவிட வேகமாகக் கணக்கைத் திருத்துகின்றன. வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தில், இங்கே வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வீட்டில் ஒருவர் எல்லாவற்றையும் தாங்கியதால்தான் இன்னொருவர் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் சாரம். இதற்கு பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தி எம்.எஸ்ஸி. படிக்கவேண்டியிருந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கிறவர் யாரோ, அவருடைய ஒரு நாளை மணிவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ரூபாய் போடவேண்டாம். வெறும் நேரம் மட்டும். எழுதி முடிக்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா பார்க்கலாம்.

மருமகள் 2025-ல் படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், மகளின் கறுப்பு அங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். கரூர் தாண்டியதும் கேட்டாள்.

"ஏன்டா, இந்தப் படிப்புக்கு வயசு வரம்பு எதுவும் இருக்கா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "குடும்பம் நடத்த எதுக்கு..." என்று இந்தத் தடவை நான் ஆரம்பிக்கவில்லை.