அடுக்களையில் பூக்கும் பூஞ்சணம்



ஐப்பசி, கார்த்திகை அடைமழை தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் பூஞ்சணமும் குடியேறிவிடுகிறது. குளியலறை மூலையில் கரும்புள்ளிகளாகத் தெரிபவற்றுள் கிளாடோஸ்போரியம் முக்கியமானது. ரொட்டியில் வெண்பஞ்சாய்ப் படர்ந்து பின் கறுப்பது ரைசோபஸ். எலுமிச்சம்பழத்தை நீலப்பச்சையாய் மூடுவது பெனிசிலியம். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலினும் இவ்வினத்துப் பூஞ்சணம் ஒன்று தந்ததே. காற்றுப் படாத அலமாரியில் கிடக்கும் கிதாபுகளின் அட்டையையும், ஈரத்தோடு மடித்த முஸல்லாவையும் இவை விட்டுவைப்பதில்லை. (மழைக்காலத்தில் முஸல்லாவை உதறிக் காயவைப்போர் எத்தனை பேர்?)

சுவரில் கறை கண்டால் உடனே சுண்ணாம்பு தேடுகிறோம். கசிவை அடைக்காதவரை அது மீண்டும் வரும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குத் தொல்லையும் தரும். ஆனால் பானைக்குள் பூத்ததையோ துடைத்துவிட்டுச் சமைத்துவிடுகிறோம். அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

நிலக்கடலை, மிளகாய் வற்றல், கொப்பரை, மக்காச்சோளம் முதலியவை சரியாகக் காயாவிடில் மஞ்சள் கலந்த பச்சைத் தூளாய் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் படரும். அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்நஞ்சு வெளிப்பட்டது. ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைவிக்க வல்லது இது. வெயிலில் மறுபடி காயவைத்தால் பூஞ்சணம் உதிருமேயன்றி நஞ்சு அகலாது. அடுப்புச் சூடும் அதை முற்றாக அழிப்பதில்லை. செக்கிலிட்டால் அதில் ஒரு பங்கு எண்ணெயோடு வந்து சேரும். கறவை மாட்டுக்கு வைத்தால் பாலில் இறங்கும்.

"வீண்விரயம் கூடாதென்று நீங்கள்தாமே போதிக்கிறீர்கள், எப்படி எறிவது?" என்று மதரஸாப் பிள்ளைகளின் தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். எனினும், ஈரம் உலருமுன் டப்பாவில் அடைத்த அன்றே விரயம் நிகழ்ந்துவிட்டது. எறிவது அதன் கணக்கை முடிப்பது மட்டுமே. வேறு சிலர் அதை வாசலுக்கு வரும் மிஸ்கீனின் பையில் இட்டு, ஸதகா செய்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். இதை என்னால் ஏற்க இயலவில்லை. தரங்கெட்ட பொருளைத் தேடித் தருமம் செய்வதை அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கிறதே!

தோலோடு வாங்கிய கடலையைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும் அளவுக்குக் காய்ந்த பின்னரே டப்பாவில் கொட்டுங்கள். சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அவற்றை வீட்டுக் கோழிக்கும் போடாதீர்கள்.