வலை கிழியலாம்

மார்ச் 8, 2025, சனி

ஓக் மரங்கள் பூத்துத் தள்ளுகின்றன. டாம்பா விரிகுடாவுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தெரு முழுக்க மஞ்சள் தூள். காரின் மேல், தபால் பெட்டியின் மேல், கொல்லையில் நீச்சல் குளத்தை மூடி நிற்கும் கூண்டின் மேல். ஃப்ளோரிடாவில் குளம் வைத்த வீடுகளில் பலவற்றுக்கு இந்தக் கூண்டு உண்டு. வண்ணம் பூசிய அலுமினியச் சட்டம், அதில் இழுத்துப் பொருத்திய ஃபைபர்கிளாஸ் வலை, ஒரு பக்கம் வீட்டுக் கூரையோடு ஒட்டு. பூல் கேஜ் என்பார்கள். கொசு, இலை, பாம்பு, எப்போதாவது வழி தவறி வரும் முதலை எல்லாம் வெளியே, நாம் உள்ளே.

மகரந்தத்துக்குச் சோப்பு வேண்டாம். தோட்டத்துக் குழாய்த் தண்ணீரே போதும். பக்கச் சுவர்களுக்கு மட்டும் உள்ளே நின்று வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். வெளியே நின்று அடித்தால் தூள் அத்தனையும் குளத்தில் இறங்கும், பிறகு ஃபில்டர்தான் அவதிப்படும். கூரை வலையில் சிக்கிய ஓக் பூச்சரங்களை நீளக் கழியில் மென்மையான பிரஷ் மாட்டித் தள்ளினேன். மேலே ஏறக் கூடாது. அந்தச் சட்டம் காற்றைத் தாங்கக் கட்டியது, ஆளைத் தாங்க அல்ல.

மார்ச் 22, சனி

இன்று வடக்குப் பக்கம். வெயில் படாத பக்கம் என்பதால் பாசி அங்கேதான் குடியிருக்கிறது. கீழ்ச் சட்டத்தை ஒட்டிய வலையில் பச்சை, மூலைகளில் கறுப்பு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பிரஷர் வாஷரை உருட்டிக்கொண்டு வந்தார். ஒஹாயோவிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர், உதவாமல் இருக்கத் தெரியாதவர். சிமென்ட் தளத்துக்கு அந்த இயந்திரம் அருமை. வலைக்கு அதே வேகத்தில் அடித்தால் சட்டத்தின் காடியில் வலையைப் பிடித்திருக்கும் ரப்பர் கயிறு பிதுங்கி வலை கழன்றுவிடும், சட்டத்தின் வண்ணமும் உரியும். அகல வாய் மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து, தள்ளி நின்று, கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

பாசிக்கு என் வரிசை இது. இளம் பச்சைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து தெளித்து, கொஞ்ச நேரம் விட்டு, பிரஷ். அதற்கும் அசையாத கறுப்புக்குத்தான் ப்ளீச், அதுவும் நன்றாக நீர்த்து. ப்ளீச் எடுப்பதற்கு முன் சுற்றியுள்ள செடிகளைச் சொட்டச் சொட்ட நனைக்க வேண்டும், முடிந்ததும் மறுபடி அலச வேண்டும். நனைந்த வேர் ப்ளீச்சைக் குறைவாகவே குடிக்கும். வினிகர் காயாத இடத்தில் ப்ளீச் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. அதனால் இரண்டு வேலையையும் ஒரே நாளில் நான் வைத்துக்கொள்வதில்லை.

கழுவிய பக்கத்துக்கும் கழுவாத பக்கத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்கு முன்பே முகத்துக்குத் தெரிந்தது. காற்று வந்தது. கொசுவை நிறுத்துவது வலையின் பாதி வேலைதான். காற்றை விடுவது மறு பாதி. பாசி அந்த மறு பாதியைத்தான் அடைக்கிறது.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக் கூரையும் கூண்டும் சேரும் இடத்தில் மழைத்தண்ணீர் ஓட ஓர் அலுமினிய வாய்க்கால் உண்டு. ஏணி போட்டுப் பார்த்தேன். மக்கிய ஓக் இலை, அதன் அடியில் கறுத்த தண்ணீர், தண்ணீரில் துள்ளும் புழுக்கள். கொசு வராமலிருக்கக் கட்டிய கூண்டே கொசு வளர்க்கிறது. இந்த வெக்கையில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இலையை அள்ளி, வடிகுழாயில் தண்ணீர் விட்டு அடைப்பை எடுத்தாயிற்று.

ஏணியில் நின்றபடி திருகுகளைப் பார்த்தது நல்லதாயிற்று. கீழே இருந்து பார்த்தால் வெள்ளைச் சட்டத்தில் பழுப்புக் கண்ணீர்க் கோடுகள் மட்டுமே தெரியும், அழுக்கு என்று துடைத்துவிடத் தோன்றும். கோடு தொடங்கும் இடத்தில் ஒரு திருகு இருக்கிறது. அலுமினியம் செந்துரு பிடிக்காது, ஆனால் அதைப் பிணைத்திருப்பது பல வீடுகளில் துத்தநாகம் பூசிய சாதாரண எஃகுத் திருகு. உப்புக் காற்றும் ஈரமும் பூச்சைத் தின்றபின் எஃகு துருப்பிடிக்கும். தலை உப்பும், பிறகு உதிரும். தலை போன திருகு எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

ஒரு சமயத்தில் ஒரே திருகு. பழையதைக் கழற்றி, அதே துளையில் புதியதை இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். வேகமாக முடிக்கலாம் என்று ஒரு மூட்டின் திருகுகளை எல்லாம் சேர்த்துக் கழற்றினால் உத்தரமே இறங்கிவிடும். புதியவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேலே பூச்சு உள்ளவை. பூச்சு அழகுக்காக இல்லை. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். பூச்சு அந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது.

தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் குனிந்துதான் பார்க்க முடியும். அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 19, சனி

மேற்குப் பக்கத்தில் ஒரு சதுரத்தை அணில் கிழித்திருந்தது. புது வலை போட்டேன். கடையில் இரண்டு வகை தருகிறார்கள். வழக்கமானது அங்குலத்துக்கு ஒரு திசையில் 18 இழை, மறு திசையில் 14. இன்னொன்று இரு திசையிலும் 20. கண்ணுக்கே தெரியாமல் கடிக்கும் சதுப்பு நிலத்துப் பொடிப் பூச்சிகளுக்கானது. நெருக்கமான வலையில் பூச்சி வராது, காற்றும் குறைந்துதான் வரும். நாங்கள் சதுப்பிலிருந்து தள்ளி இருப்பதால் 18க்கு 14.

பழைய ரப்பர் கயிற்றை உருவி, வலையை ஒரு கைப்பிடி அதிகமாக விட்டு வெட்டி, புதுக் கயிற்றைச் சிறு சக்கரக் கருவியால் காடிக்குள் உருட்டி அழுத்த வேண்டும். கயிறு பழையதன் பருமனிலேயே இருக்க வேண்டும். மெல்லியது நழுவும், தடித்தது இறங்காது. வலையைத் தொய்யவிடாமல் போட்டால் போதும். விறைக்க இழுத்தால் சட்டம் உள்ளே வளையும்.

அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறாள், ஆறு மாதம் இருப்பாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். “நம்மூர்ல சன்னலுக்கு மட்டும் வலை. இங்க ஆகாசத்துக்கே வலையா?” என்றாள். கொசு மலேரியா பரப்புகிறது என்று நிறுவும் வேலையை ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டு தொடங்கிவைத்தார் என்று சொன்னேன். மூன்று ஆண்டு கழித்து, 1900-இல், சாம்பன், லோ என்ற இரு மருத்துவர்கள் ரோம் அருகே மலேரியா மண்டிய சதுப்பில் வலையடித்த குடிலில் தங்கிப் பார்த்தார்கள். பகலெல்லாம் வெளியே திரிவார்கள், பொழுது சாய்வதற்குள் வலைக்குள் வந்துவிடுவார்கள். க்வினைன் சாப்பிடவில்லை, காய்ச்சலும் வரவில்லை. சதுப்பின் கெட்ட காற்றுதான் நோய் என்று நம்பிய உலகத்துக்கு அந்தக் குடில் பதில் சொன்னது. காற்று தாராளமாக உள்ளே வந்தது, கொசு மட்டும் வரவில்லை.

பழங்கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2023 கோடையில் எங்களுக்குத் தெற்கே சரசோட்டா மாவட்டத்தில் 7 பேருக்கு உள்ளூரிலேயே மலேரியா தொற்றியது. அமெரிக்காவில் அப்படி நடந்து 20 ஆண்டு ஆகியிருந்தது.

மே 17, சனி

அம்மா கூண்டுக்குள் தொட்டியில் பாகல் போட்டிருக்கிறாள். பூ நிறைய, பிஞ்சு இல்லை. “ஏய்யா, தேனீ எப்படி உள்ள வரும்? நீதான் பூவுக்குப் பூ போவணும்” என்று ஆண் பூவைப் பறித்து என் கையில் கொடுத்தாள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதுதான் இப்போது என் வேலை. மிளகாய்க்கு இந்தச் சேவகம் தேவையில்லை, செடியை ஆட்டிவிட்டால் போதும். வலைக்கு நல்லது கெட்டது தெரியாது. அளவு மட்டும் தெரியும்.

அடுத்த வாரம் தங்கை தன் மூன்று வயதுப் பையனோடு வருகிறாள். அதனால் இன்று கதவு. அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் சாவுக்கு முதன்மையான காரணம் நீரில் மூழ்குவது. அதனால் புதிதாகக் கட்டும் வீட்டுக் குளங்களுக்கு ஃப்ளோரிடா 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டது. தடுப்பு வைத்தால் அது குறைந்தது நான்கடி உயரம்; கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து, தானாகச் சாத்தி, தானாகத் தாழ் விழ வேண்டும். எங்கள் கூண்டுக் கதவு சாத்தியது, தாழ்தான் விழவில்லை. கீல் திருகு தளர்ந்து கதவு ஒரு நூல் இறங்கியிருந்தது. இறுக்கி, சுருள்வில்லில் சிலிகோன் தெளித்தேன். கொஞ்சமாகத் திறந்து விட்டாலும் ‘டக்’கென்று விழுகிறது. பையன் வந்தால் கூண்டை மட்டும் நம்பப் போவதில்லை. ஒரு பெரியவர் கண் எப்போதும் அவன் மேல்.

ஜூன் 1, ஞாயிறு

சூறாவளிக் காலம் இன்று ஆரம்பம், நவம்பர் 30 வரை. தெருவில் பேச்செல்லாம் அதுதான். சென்ற ஆண்டு அக்டோபர் 9 இரவு மில்டன் சரசோட்டா அருகே சியெஸ்டா கீயில் மூன்றாம் நிலைச் சூறாவளியாகக் கரையேறியது. அன்றிரவு எங்கள் கூண்டில் சில சதுரங்கள் கிழிந்து தொங்கின, சட்டம் நின்றது. தெருக்கோடி வீட்டில் நேர்மாறு. வலை பெரும்பாலும் முழுசாக இருக்க, கூண்டே குளத்துக்குள் குப்புற விழுந்து கிடந்தது. தரையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவில் அறுந்திருந்தன. போன வாரம்தான் கழுவி வைத்தோம் என்றார்கள்.

அதே இரவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிராபிகானா ஃபீல்டு பேஸ்பால் அரங்கின் கூரையும் போனது. டெஃப்லான் பூசிய ஃபைபர்கிளாஸ் துணிக் கூரை. விடிந்தபோது துணி கிழிந்து பறக்க, எலும்புக்கூடு நின்றது. டாம்பா பே ரேஸ் அணி இந்த ஆண்டு சொந்த ஊர் ஆட்டங்களை விரிகுடா தாண்டி டாம்பாவில் வேறு மைதானத்தில் ஆடுகிறது. பெரிய நஷ்டம்தான். ஆனால் துணியை மாற்றலாம்.

புயலுக்கு முன் வலையைக் கத்தியால் கிழித்துவிடலாமா என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். ஆண்டுதோறும் இங்கே வரும் விவாதம். காற்று நுழைய வழி கிடைத்தால் வலை பாய்மரம் போல உப்பிச் சட்டத்தை இழுக்காது என்பது கிழிப்பவர்கள் வாதம். நல்ல கட்டுமானமாக இருந்தால் வலை தானே பிய்த்துக்கொண்டு போகும், ஏன் முன்னதாகவே நாம் நஷ்டப்பட வேண்டும் என்பது மற்றவர்கள் வாதம். பெரும்புயல் நேராக எங்களை நோக்கி வந்தால், காற்று முதலில் மோதும் பக்கத்தில் சில பெரிய சதுரங்களின் ரப்பர் கயிற்றை உருவி, வலையைச் சுருட்டி உள்ளே வைப்பேன். கிழிக்க வேண்டாம், திரும்பப் பொருத்தலாம்.

ஆனால் அந்த விவாதத்தில் ஜெயிப்பவர் யாராக இருந்தாலும் முடிவு திருகிடம்தான் இருக்கிறது. வலை மலிவு, போகட்டும் என்று விடலாம். அது போவதற்காகவே மெலிதாக இருக்கிறது. சட்டம் நிற்க வேண்டும். நான் கழுவ ஆரம்பித்தது மகரந்தம் கண்ணை உறுத்தியதால். கண்ணை உறுத்தாத இடத்தில்தான் கூண்டின் ஆயுள் இருந்தது. அதனால் அடுத்த மார்ச்சுக்கு வேலைப் பட்டியலை இன்றே மாற்றி எழுதிவிட்டேன்: முதலில் தரை போல்ட், அடுத்து மூட்டுத் திருகு, கதவுத் தாழ், மழை வாய்க்கால். கழுவுவது கடைசி. மாமனார் வீட்டார் வருவதற்கு முந்தின நாள் என்றால் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று மனைவி அனுமதி கொடுத்திருக்கிறாள்.