உறையோடு கட்டிய வாள்

பதுவை அந்தோணியார் கோயிலுக்கு வேண்டுதலோடு போகிற நம்மவர்கள் பலர், கும்பிட்ட கையோடு வெனிசுக்கு ரயிலேறிவிடுகிறார்கள். அதே பதுவையில்தான் ஸ்க்ரொவேன்யி சிற்றாலயம் இருக்கிறது. என்ரிக்கோ ஸ்க்ரொவேன்யி என்ற செல்வந்தர் கட்டியது, 1305இல் அர்ச்சிக்கப்பட்டது. அவருடைய அப்பா பேர்போன வட்டிக்காரர். தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் உட்கார வைத்திருக்கிறார். அப்பாவின் பாவத்துக்கு மகன் செய்த பரிகாரம் இந்தக் கோயில் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். சுவர் முழுக்க ஜியோட்டோ தீட்டிய ஓவியங்கள்.

நானும் என் மனைவியும் போனபோது எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீல விதானம், பொன் நட்சத்திரங்கள், இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள். கீழ்வரிசையில் வண்ணமே இல்லை. கல்லில் செதுக்கியதுபோல் சாம்பல் நிறத்தில் பதினான்கு உருவங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலடி உயரம். ஒரு பக்கச் சுவரில் ஏழு நற்குணங்கள், எதிர்ச்சுவரில் ஏழு தீக்குணங்கள். அன்புக்கு எதிரே பொறாமை, நம்பிக்கைக்கு எதிரே அவநம்பிக்கை என்று நேருக்கு நேர் நிறுத்தியிருக்கிறார். பொறாமையின் வாயிலிருந்து பாம்பு ஒன்று வெளிப்பட்டுத் திரும்பி அவள் முகத்தையே கொத்த வருகிறது. புத்தகங்களில் அதிகம் அச்சாவது அதுதான்.

என்னை நிறுத்தியது கோபம். தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கைகளாலும் தன் மேலாடையை நெஞ்சிலிருந்து கிழிக்கிறாள் ஒரு பெண். எதிரி என்று ஒருவரும் அந்தப் படத்தில் இல்லை. கிழிபடுவது அவள் துணி மட்டும்.

அப்பா இறந்த பிறகு ஊர் வீடும் நிலமும் அண்ணன் பேருக்கே போய்விட்டன. எனக்கும் பங்கு உண்டு என்று அப்பா கைப்பட எழுதிய கடிதம் என்னிடம் இருந்தது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருந்தேன். என் கோபம் நியாயமானது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது என் தூக்கத்தைத் தின்றது, சாப்பாட்டு நேரத்தைத் தின்றது, என் மனைவியின் நிம்மதியையும் சேர்த்துத் தின்றது. அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளுக்குக் கோயிலில் ஓலை வாசித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டிவிடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கோபத்துக்கு நேர் எதிர்ச்சுவரில் நிற்பவள் தன்னடக்கம். இந்தக் குணத்தைப் பெரும்பாலும் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீர் வார்க்கும் பெண்ணாகவே வரைவார்கள். பியரோ தெல் பொல்லாயுவோலோ பிளாரன்ஸில் 1470 வாக்கில் அப்படித்தான் வரைந்தார். அழகான படம்தான், ஆனால் என் நிலையில் இருந்தவனுக்கு அதில் பிடிமானம் ஒன்றுமில்லை. ஜியோட்டோவின் பெண் வாயில் கடிவாளம் பூட்டியிருக்கிறாள். கையில் வாள் இருக்கிறது. அது உறைக்குள் இருக்க, கைப்பிடியையும் உறையையும் சேர்த்து வாரால் சுற்றிக் கட்டியிருக்கிறாள்.

அவள் வாளைத் தூக்கி எறியவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. உரிமையை விட்டுக்கொடு, மறந்துவிடு, மன்னித்துவிடு என்று உறவுக்காரர்கள் சொன்னபோதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுநூறு ஆண்டுக்கு முந்தைய இந்தச் சுவர் வேறு ஒன்றைச் சொன்னது. ஆயுதம் உன்னுடையது, வைத்துக்கொள். நினைத்தவுடன் உருவ முடியாதபடி கட்டி வை. யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

ஊர் திரும்பியதும் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அது பேச வேண்டிய இடம் நீதிமன்றம், கல்யாண மண்டபம் அல்ல. திருமணத்துக்குப் போனேன். "வந்துட்டியா தம்பி" என்று அண்ணன் கையைப் பிடித்தார். அதற்குமேல் அவருக்கும் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை. "சித்தப்பா" என்று வந்து ஆசீர்வாதம் கேட்ட பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தேன். வழக்கு அதன் போக்கில் நடக்கிறது. இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது.

பதுவைக்குப் போகிறவர்கள் இந்தச் சிற்றாலயத்துக்கும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஓவியங்கள் கெடாமலிருக்க முதலில் ஒரு கண்ணாடி அறையில் காக்க வைத்து, பிறகு உள்ளே கால் மணி நேரம் போல்தான் விடுகிறார்கள். நட்சத்திரங்களைப் பிறகு பார்க்கலாம். பீடத்தை நோக்கி நின்றால் வலப்பக்கச் சுவர், கீழ்வரிசை, பீடத்திலிருந்து மூன்றாவது உருவம். அவளை முதலில் பாருங்கள்.