கெங்கேரிக்கு ஒரு ஒழுங்கை

வைட்ஃபீல்ட், பெங்களூர்

ஊரில் இருக்கும் உங்களுக்கு,

போன மாதம் சைக்கிள் வாங்கிவிட்டேன். நான் இருப்பது இந்த நகரத்தின் கிழக்கு ஓரம். பெரியம்மாவின் மகள், எங்கள் அக்கா, மேற்கு ஓரத்தில் கெங்கேரியில் இருக்கிறா. இரண்டு ஓரத்தையும் கோர்த்துக்கொண்டு ஊதா நிற மெற்றோ 2023 ஒக்டோபர் 9 முதல் இடைவெளியில்லாமல் ஓடுகிறது; பாதையின் நீளம் 43 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தை ஒரு ஞாயிறு விடியப்புறம் உழக்கிக் கடக்கவேணும் என்று ஆசை. பருத்தித்துறைக்குப் போய்வந்த கால்கள்தானே, இதென்ன தூரம் என்று நினைத்தேன்.

தூரம் பிரச்சினையில்லை. எங்கள் யாழ்ப்பாணத்தில் பயணத்துக்கு முன் காற்றை யோசிப்போம். சோளகம் எழும்பிய நாளில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே யோசிக்கவேண்டியது மேடும் பள்ளமும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். வீதி சும்மா இறங்குவதில்லை. இறக்கத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு ஏரி இருக்கும், அல்லது ஏரியைத் தூர்த்துக் கட்டிய குடியிருப்பு இருக்கும். இறங்கின அளவு திரும்ப ஏறவேணும்.

நேர்வழி மெற்றோத் தூண்களுக்குக் கீழே போகிறது: ஹூடி, மகாதேவபுர, கே.ஆர்.புரம் தொங்குபாலம், பழைய மதராஸ் வீதி. தொங்குபாலத்தடியில் வெளிவட்ட வீதியும் மதராஸ் வீதியும் வந்து முட்டுகின்றன. பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவில் சைக்கிள்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேணும். 2020இல், கொரோனாக் காலத்தில், சில்க் போர்ட் சந்தியிலிருந்து கே.ஆர்.புரம் வரை 17 கிலோமீற்றருக்குச் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போடத் தொடங்கினார்கள். பிறகு அதே வீதியில் மெற்றோ வேலை வந்தது, பாதை போய்விட்டது. எனக்கு இது மனவருத்தம். ஊரில் 1990க்குப் பிறகு, யுத்தத்தால் பெற்றோலும் கரண்டும் இல்லாத வருடங்களில், விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில்தான் போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு நான் உழக்க, டைனமோக் கரண்டில் அப்பா வானொலிச் செய்தி கேட்பார். 1995 ஒக்டோபர் 30 இரவு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன சனத்தின் வீடுவாசல் சைக்கிள் கரியரில்தான் இருந்தது. அப்படியொரு வண்டிக்கு இவ்வளவு பெரிய நகரம் மூன்றடி அகலம் ஒதுக்கியிருக்கலாம்.

கைப்பேசி வரைபடம் காட்டிய உள்வழியிலும் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். இரண்டு கிலோமீற்றர் மிச்சம் என்று காட்டிய இடத்தில் ஒரு குடியிருப்பு வளாகத்தின் இரும்புக் கேற் பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் அதே தெரு தொடருவது கம்பிக்குள்ளால் தெரிந்தது.

வழி சொன்னவர் எங்கள் கட்டடத்து இரவுக் காவலாளி. கிருஷ்ணகிரிப் பக்கத்தவர், கக்கதாசபுரவிலிருந்து பழைய ஹெர்குலிஸ் ஒன்றில் வேலைக்கு வந்துபோகிறவர். ஹாண்டிலில் துணிப்பையில் சாப்பாட்டுத் தூக்கு, பின் மட்கார்டில் ஒட்டிய சிவப்பு மினுங்கல் கடதாசி. "அண்ணை, நீங்கள் எந்தப் பக்கத்தால் வாறனீங்கள்?" என்றேன். "கேட்டு எப்பப் பூட்டுவாங்கன்னு மேப்புக்கு என்ன சார் தெரியும்?" என்று சொல்லி, வந்துபோவோர் பெயர் எழுதும் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து வரைந்து தந்தார். தொட்டநெக்குந்தி ஏரி, வெளிவட்ட வீதியைக் கடக்கும் இடம், விபூதிபுர, கக்கதாசபுர ரயில் கடவை, சி.வி.ராமன் நகர், இந்திராநகர். பள்ளம் இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி. நாய்கள் கூடும் திருப்பத்தில் வட்டம். நாலு மணிக்கே பால் காய்ச்சும் தேத்தண்ணிக் கடைக்கு ஒரு சதுரம். காவல், துப்புரவு, கட்டட வேலை என்று இருட்டோடு சைக்கிளில் போகிறவர்கள் உழக்கி உழக்கிக் கண்டுபிடித்த வழி அது. எந்தத் திட்டக் கோப்பிலும் அது ஏறியிருக்குமென்று நான் நம்பவில்லை.

அந்தத் தாளைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போன ஞாயிறு ஐந்து மணிக்கு வெளிக்கிட்டேன். ரயில் கடவையில் ஒரு நீள கூட்ஸ் வண்டிக்காகப் பத்து நிமிடம் நிற்கவேண்டி வந்தது. மற்றபடி எங்கும் தடையில்லை. விடிந்துவர அல்சூர் ஏரிக்கரை. பக்கத்தில் வள்ளுவர் சிலை. எதிர்ப்பினால் 1991 முதல் 18 வருடம் சாக்குக்குள் இருந்து, 2009 ஓகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டவர். நாலு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறந்தார்கள். சைக்கிளை ஓரத்தில் சாத்திவிட்டு வெகுநேரம் அங்கே நின்றேன்.

அல்சூரிலிருந்து கப்பன் பூங்கா வரை லேசு. ஞாயிறுகளில் பூங்காவுக்குள் வாகனம் விடுவதில்லை. அதற்கு அங்கால் கே.ஆர். மார்க்கெற், மைசூர் வீதி. அந்தப் பாதிக்கு இன்னும் ஒழுங்கை பிடிபடவில்லை. விருஷபாவதி ஆற்றோரம் வேலைக்குப் போகிற யாரையாவது பிடித்துக் கேட்கவேணும். தாளின் மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது.