பனிமூட்டத்தில் ஒரு முகம்



சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் காலைப் பனிமூட்டத்தில், தெருக்களைக் கருப்பு வெள்ளையில் படமெடுப்பது என் வழக்கம். குடைகளும் விளம்பரப் பலகைகளும் நிறமிழந்தால் கண் மனிதரை நாடும் என்பது என் எண்ணம். 1947இல் இந்தியா வந்த கார்ட்டியே-பிரெஸோன், எவரும் கவனியாதிருக்கத் தம் லைக்கா கேமராவின் பளபளப்பைக் கருப்பு நாடாவால் மறைத்தார். எனக்கோ சட்டைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமராவே போதுமானதாயிற்று.

ஒருநாள் ஒண்டிக்கடை அருகே விறகு சுமந்து சென்ற மூதாட்டியைக் கேளாமலே படமெடுத்தேன். வீட்டில் பார்த்தபோது சுமையின் வடிவம் தெளிவாயிருந்தது. முகமோ வெறும் இருள். வெண்பனியை மிகுந்த வெளிச்சமென்று கருதும் கேமரா, காட்சி முழுவதையும் மங்கச் செய்துவிடும். ஒளி அளவை ஒரு படி உயர்த்த மறந்திருந்தேன். ஆயினும் மனத்தை உறுத்தியது அதுவன்று. நானும் சுமையை மட்டுமே பார்த்திருந்தேன்.

மறுவாரம் அங்கேயே காத்திருந்து, அவர் பெயரைக் கேட்டு, படத்தைக் காட்டி மன்னிப்புக் கோரினேன்.

"இதுல நான் எங்கய்யா இருக்கேன்?" என்றார்.

பின்பு சுமையை இறக்கி, முந்தானையால் முகம் துடைத்து நின்றார். இம்முறை ஒளியை உயர்த்தி எடுத்தேன்.

கலையென்று பார்த்தால் முதற்படமே அழகு. அச்சிட்டு அவரிடம் கொடுத்ததோ இரண்டாவதை.

நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயரிட்டு அழைக்கிறவர். ஆலயத்தில் வாரந்தோறும் நம் அருகே அமர்பவரின் பெயரை நாம் கேட்டதுண்டா?