இரணைமடு பெற்ற நகரம்

போர் முடிந்த பின்னர் கிளிநொச்சிக்கு வந்த பயணிகளுக்கு ஏ9 வீதியோரம் இரண்டு சின்னங்கள் காட்டப்பட்டன. ஒன்று, அடியோடு சரிந்து நிலத்தில் கிடந்த நகரின் நீர்த்தாங்கி. மற்றது, இராணுவம் எழுப்பிய வெற்றிச் சின்னம்: எறிகணை துளைத்துப் பிளந்த சாம்பல்நிறக் கற்கட்டி, அதன்மேல் ஒரு தாமரை. பேருந்துகள் நின்றன, படங்கள் எடுக்கப்பட்டன, பேருந்துகள் போயின. இரண்டு சின்னங்களும் இந்த நகரம் வீழ்ந்த கதையை மட்டுமே சொல்பவை. அது எப்படி உண்டானது என்பதை அறிய விரும்புகிறவர் தெற்கே சில கிலோமீற்றர் போய் இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் ஏற வேண்டும். வன்னியின் மிகப் பெரிய வரலாற்றுச் சின்னம் அதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

வவுனியாப் பக்கத்துக் காடுகளில் தொடங்கி வடக்கே ஓடிச் சுண்டிக்குளக் கடல்நீரேரியில் கலக்கும் கனகராயன் ஆற்றை மறித்துக் குளம் கட்டலாம் என்று 1885இல் திட்டம் வரைந்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர். வேலை 1902இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. இதற்கிடையே, 1905இல், யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைத்த தொடருந்துப் பாதையும் வன்னிக் காட்டை ஊடறுத்துப் போனது.

குளம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கிலாந்தில் புதிய ஊர்களைப் பற்றிய பேச்சு எழுந்திருந்தது. நெரிசல் மிகுந்த பெருநகரங்களுக்கு வெளியே, வயல் சூழ்ந்த திட்டமிட்ட ஊர்களை அமைக்க வேண்டும் என்ற எபனேசர் ஹோவர்டின் நூல் 1902இல் மறுபதிப்பாக வந்தது. அடுத்த ஆண்டு லெச்வர்த் பூங்கா நகரம் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், 1946இல், அந்நாடு புதுநகரச் சட்டத்தை இயற்றி ஸ்டீவனேஜை முதல் புதுநகராக அறிவித்தது. கிளிநொச்சிக் குடியேற்றம் அதற்குப் பத்தாண்டு மூத்தது. டி. எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்தபோது 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் பிறந்தது.

லண்டனின் நெரிசலுக்கு ஸ்டீவனேஜ் போல, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெரிசலுக்குக் கிளிநொச்சி. தலைமுறைதோறும் பங்கு பிரிந்து சிறுத்துப்போன தோட்டக் காணிகள், வேலையில்லா இளைஞர்கள், கிணற்றை மட்டுமே நம்பிய பயிர்: இவைதான் குடும்பங்களை ஆனையிறவைத் தாண்டி வன்னிக்குத் தள்ளின. ஆனால் முறை வேறு. ஸ்டீவனேஜில் வீதியும் வீடும் தொழிற்சாலையும் வரைபடத்தில் முதலிடம் பெற்றன. கிளிநொச்சியில் குளமும் அணையும் துருசும் வாய்க்காலும் முதலில் வந்தன; தண்ணீர் போன வழியே வயல் வந்தது, வயலை ஒட்டிய மேட்டுக்காணியில் வீடு வந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் சந்தை வந்தது. குடியேற்ற ஊரான உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று இன்றும் மக்கள் இருப்பிடம் சொல்வது அந்த வரிசையால்தான்.

வந்தவர்களுக்குக் காடு எளிதில் இடம் கொடுக்கவில்லை. மலேரியாவும் யானையும் தனிமையும் பலரைத் திருப்பி அனுப்பின. விதைப்புக்கு வந்து, அரிவி வெட்டு முடிந்ததும் குடாநாட்டுக்கே போனவர்களும் உண்டு. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. பூச்சிகொல்லி தெளித்து மலேரியாவை ஒடுக்கிய பின்னரே வன்னியில் குடும்பங்கள் வேரூன்றின. அணைக்கட்டு 1950களிலும் 1970களிலும் உயர்த்தப்பட, குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் விரிந்தது. பக்கத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்தது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது.

திட்டத்துக்குள் இடம் கிடைக்காதவர்களையும் சொல்ல வேண்டும். 1977 இன வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த தமிழர் பலர், பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் காட்டோரக் குடிகளாயினர். வாய்க்கால் நீர் எட்டாத மேட்டில் அவர்கள் குடிசை போட்டு, பிறருடைய வயலில் கூலிக்கு நின்றார்கள். வன்னியின் நெல்லில் அவர்கள் உழைப்பு பெரிது. காணியில் அவர்கள் பங்கு சிறிது. நகரின் வரலாற்றை எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது.

பிறகு போர். 1990இல் தொடருந்து நின்றது. 1996இல் இராணுவம் நகரைக் கைப்பற்றியது; 1998இல் விடுதலைப் புலிகள் மீட்டார்கள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் அவர்களுடைய நிருவாகத் தலைநகராக இருந்த ஊருக்கு வெளிநாட்டுத் தூதர்கள் வந்துபோனார்கள். 2009 ஜனவரி 2ஆம் நாள் இராணுவம் மீண்டும் நுழைந்தபோது, வீதிகளில் குடிமக்கள் இல்லை. அவர்கள் ஏற்கெனவே கிழக்கே, முல்லைத்தீவுப் பக்கம், பெயர்ந்து போய்விட்டார்கள். எத்தனையோ பேர் திரும்பவேயில்லை.

திரும்பியவர்களுக்குக் கூரையும் சுவரும் இருக்கவில்லை. ஆனால் குளம் இருந்தது, தூர்ந்தாலும் வாய்க்கால் இருந்தது. முதலில் காலபோகம் விதைத்து, வீட்டைப் பின்னர் எழுப்ப முடிந்தது அதனால்தான். நகரை ஆயுதத்தால் இடிக்கலாம். சரிவறிந்து வெட்டிய வாய்க்கால் வலையை அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது. 2013 செப்டெம்பரில் தொடருந்து திரும்பி வந்தது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் எழுந்தது. 2018இல் குளம் திருத்தி முடிக்கப்பட்டு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 148 மில்லியன் கன மீற்றர் ஆனது. அதே ஆண்டு டிசெம்பரில் பெருவெள்ளம் வர, வான்கதவுகளைத் திறந்துவிட்ட தண்ணீர் கீழே பல ஊர்களை மூழ்கடித்தது. குளம் கொடுக்கவும் வல்லது, எடுக்கவும் வல்லது.

இந்த நகரின் பிணக்குகளும் தண்ணீரையும் காணியையும் சுற்றியவையே. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டம் கூடி முடிவு செய்கிறார்கள். குடாநாட்டுக்கு இரணைமடுக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைக் கமக்காரர் எதிர்த்தபோது, சனத்தை அனுப்பிய ஊரும் அவர்களை ஏற்ற ஊரும் எதிரெதிரே நின்றன. கணவனை இழந்த பெண்கள் இத்தனை பேர் குடும்பம் நடத்தும் மாவட்டத்தில், 1935 சட்டத்தின் வாரிசு வரிசை ஆண்களை முன்னே வைத்திருந்தது. அது 2022இல்தான் திருத்தப்பட்டது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வெற்றிச் சின்னத்துக்குக் காவல் போட முடிந்த நாட்டில், அணைக்கட்டில் ஒரு கல்வெட்டாவது வைக்கலாம்: எப்போது, எதற்காக, யார் உழைப்பில் இது எழுந்தது என்று மூன்று மொழிகளிலும். பழைய நில அளவைப் படங்களையும் வாய்க்கால் வரைபடங்களையும் பொறியியல் பீடம் தேடிச் சேர்க்கலாம். முதற் குடியேற்றக்காரரின் பிள்ளைகளும், மலையகத்திலிருந்து வந்த முதல் தலைமுறையும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். பாடசாலைகள் மாணவரை அவர்களிடம் அனுப்பிக் கதைகளைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு நிதியைவிட அவசரம்தான் அதிகம் தேவை.